செத்தவளுக்கு யார் தலை குனிந்தது?

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு ஆலை வேலைநிறுத்தத்தைச் சொல்கிற ‘ஸ்ட்ரைஃப்’ என்ற ஆங்கில நாடகத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். குமுளியில் நண்பர்களோடு சேர்ந்து அதைத் தமிழில் வாசித்ததாகவும் எழுதியிருந்தீர்கள். நான் மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். இப்போது தொடுபுழையில் நர்ஸாக இருக்கிறேன். அம்மா முப்பத்தோரு வருடம் கொழுந்து கிள்ளியவர். 2015 செப்டம்பரில் மூணாறில் ரோட்டை மறித்து உட்கார்ந்த பெண்களில் அவரும் ஒருவர்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை. அதனால் உங்கள் கட்டுரையை நான்தான் வாசித்துக் காட்டினேன். முதலாளியும் போராட்டத் தலைவனும் “ஒரே அச்சில் வார்த்தவர்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிக் காட்சியில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தலைவணங்குவதுதான் நாடகத்தின் உச்சம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மா அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். “ரெண்டு ஆம்பளைங்களும் மரியாதை பண்ணிக்கிட்டாங்க, சரி. செத்தவளுக்கு யாரு தலை குனிஞ்சா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

எனக்குக் கோபமும் இருக்கிறது. பட்டினி கிடப்பவனையும் பட்டினி போடுபவனையும் ஒரே தராசில் வைத்துவிட்டு அதற்குச் சிக்கலான பாத்திரப்படைப்பு என்று பேர் வைக்கலாமா? போராட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு யார் நம் பக்கம், யார் எதிர்ப் பக்கம் என்று நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்கிற சொகுசு நடுவில் நிற்கிறவர்களுக்குத்தான். நீங்கள் ஒரு எஸ்டேட் ரைட்டரின், அதாவது ஆபீஸ் கணக்கரின், மகன் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதனால்தானோ?

தப்பாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புத் தங்கைக்கு,

மன்னிக்க இதில் ஒன்றும் இல்லை. கடிதம் வந்த அன்று ராத்திரி நாடகத்தை எடுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். படிக்காமல் பதில் எழுதியிருந்தால் முதல் கட்டுரையைவிட மோசமாக ஒன்றை எழுதியிருப்பேன்.

கட்டுரையைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜான் கால்ஸ்வொர்த்தி எழுதி 1909-இல் லண்டனில் மேடையேறிய நாடகம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் எல்லையில் ஒரு தகரத் தகட்டு ஆலை. (எல்லையில் இருக்கிறது என்ற ஒரு விவரமே குமுளிக்காரனான என்னை உள்ளே இழுத்துவிட்டது.) குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம். நாடகம் நடப்பது ஒரே நாள், பிப்ரவரி 7, நண்பகலிலிருந்து மாலை ஆறு மணி வரை. கம்பெனித் தலைவர் ஜான் ஆண்டனிக்கு 76 வயது. தொழிலாளர் பக்கத்தில் டேவிட் ராபர்ட்ஸ். இருவருமே இம்மியும் இறங்கி வராதவர்கள். கூட வந்த டைரக்டர்களுக்கு லாபம் போகிறதே என்ற கவலை. தொழிலாளர்களுக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லையே என்ற கவலை. யூனியன் ஏற்கெனவே கையை விரித்துவிட்டது. ராபர்ட்ஸ் ஆலைக்கு வெளியே திடலில் பேசிக்கொண்டிருக்கும்போது, இதயம் பலவீனமான அவன் மனைவி ஆனி, குளிரும் பசியும் சேர்ந்து வீட்டில் சாகக் கிடக்கிறாள். சேதி கேட்டு அவன் ஓடுகிறான். அவன் இல்லாத கூட்டம் சமரசத்துக்குச் சம்மதிக்கிறது. அந்தப் பக்கம் டைரக்டர்கள் ஓட்டுப் போட்டு ஆண்டனியைத் தோற்கடிக்கிறார்கள். கடைசியில் கையெழுத்தாகும் ஒப்பந்தம், சண்டை ஆரம்பிக்குமுன் இரண்டு தரப்புக்கும் கொடுத்த அதே ஒப்பந்தம்.

இப்போது என் தப்பு. “ஒரே அச்சில் வார்த்தவர்கள்” என்ற வரியைத் திரும்பப் பெறுகிறேன். அது மேடையைப் பார்த்து மயங்கி எழுதிய வரி. இந்தப் பக்கம் ஒரு கிழவர், அந்தப் பக்கம் ஒரு தலைவன், நடுவில் ஒரு மேஜை. படம் நன்றாக அமைந்துவிட்டால் எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்காது.

நாடகத்தை எழுதியவர் என்னைவிடக் கவனமானவர். தராசு சமமாக இல்லை என்பதை முதல் காட்சியிலேயே வைத்திருக்கிறார். மேனேஜர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் டைரக்டர்கள் கூடியிருக்கிறார்கள். கணப்பில் நெருப்பு. சூடு தாங்கவில்லை, தடுப்பு கொண்டுவந்து வையுங்கள் என்கிறார்கள். அடுத்த அங்கத்தில் ராபர்ட்ஸ் வீட்டு அடுக்களை. அங்கே ஆனி குளிரில் முடங்கிக் கிடக்கிறாள். வசனத்தில் யாரும் இதையும் அதையும் ஒப்பிட்டுப் பேசுவதில்லை. பார்க்கிறவர்கள் உடம்பிலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். குமுளியில் வாசித்த அன்று மழை வேறு. ஹாலில் இருந்த பெண்கள் அந்த அடுக்களைக் காட்சி வந்தபோது சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்தும் “ஒரே அச்சு” என்று எழுதியிருக்கிறேன். என்னத்தைச் சொல்ல!

ஆண்டனியின் பிடிவாதத்துக்கு ஆண்டனி கொடுத்தது நாற்காலி. ராபர்ட்ஸின் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தது ராபர்ட்ஸ்கூட இல்லை, ஆனி. இதைத்தான் அம்மா ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

அவர் ஒரு சொல்லையும் மாற்றியிருக்கிறார், கவனித்தீர்களா? நாங்கள் தமிழாக்கும்போது அந்த இடத்தில் ரொம்ப நேரம் தகராறு. ஆங்கிலத்தில் அவர்கள் செய்வது ஒரு வணக்கம். நம் மொழியில் தலைவணங்கினால் மரியாதை, தலை குனிந்தால் வெட்கம். நண்பர் ஒருவர் ‘குனிகிறார்கள்’ என்று போடலாம் என்றார். நான்தான் அடம்பிடித்து ‘தலைவணங்குகிறார்கள்’ என்று எழுதவைத்தேன். கட்டுரையிலும் அதே சொல். நீங்கள் அதைத்தான் வாசித்திருப்பீர்கள். அம்மா காதில் அது ‘குனிஞ்சா’ என்று விழுந்திருக்கிறது. எங்கள் பிரதியில் அந்தச் சொல்லை இப்போது அடித்துவிட்டோம்.

அவர் கேள்விக்கு நாடகத்துக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. போன தடவை அதைத் தாண்டிப் போய்விட்டேன். எல்லாம் முடிந்து ராபர்ட்ஸும் ஆண்டனியும் வெளியேறிய பிறகு யூனியன் அதிகாரி ஹார்னஸ் ஒரு வரி சொல்கிறார். ஒரு பெண் செத்துவிட்டாள், இருந்ததிலேயே சிறந்த இரண்டு ஆண்களும் முறிந்துவிட்டார்கள் என்று. ஒரே மூச்சில் இரண்டும். “ஒரு பெண்.” பேரைக்கூடச் சொல்லவில்லை. கணக்கெழுதுகிறவன் சேதாரம் எழுதுவதுபோல. செத்தவளுக்கு யாரும் தலை குனியவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். குனியவில்லை என்பதை எழுதியவர் மறைக்கவும் இல்லை.

இதுவரை உங்கள் பக்கம். இனிமேல் கொஞ்சம் சண்டை.

சிக்கலான பாத்திரம் என்றால் நல்லது பாதி கெட்டது பாதி என்று பங்கு வைப்பது என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். நானும் அப்படித்தான் எழுதித் தொலைத்தேன், அதனால் உங்களைக் குறை சொல்ல முடியாது. ராபர்ட்ஸ் மேல் வருகிற சந்தேகம் வேறு மாதிரியானது. அவன் ஒரு கண்டுபிடிப்பாளன். அவன் மூளையில் உதித்த ஒன்றுக்குக் கம்பெனி 700 பவுண்டு கொடுத்துவிட்டு ஒரு லட்சம் பவுண்டு சம்பாதித்திருக்கிறது. இப்போது அவன் முதலாளித்துவத்தைப் பற்றித் திடலில் நெருப்பாகப் பேசும்போது அது எல்லோருக்குமான கோபமா, 700 பவுண்டின் கோபமா? அவனுக்கே தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சொந்தக் காயம் இல்லாமல் இத்தனை மாதம் ஒருவனால் தாக்குப்பிடித்து நிற்க முடியுமா என்றும் தோன்றுகிறது. சொந்தக் காயம் இருப்பதாலேயே அவன் சொல்கிற நியாயம் பொய்யாகிவிடுமா? ஆகாது. நியாயம் உண்மை என்பதால் காயம் இல்லாமல் போய்விடுமா? அதுவும் இல்லை. இந்த இடத்தில் நீங்கள் சொல்கிற தராசுக்கு வேலையே இல்லை. ராபர்ட்ஸை மாசில்லாதவனாக எழுதியிருந்தால் ஆனி சாகும்போது நமக்கு முதலாளி மேல் மட்டும் கோபம் வந்து, அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இப்போது ராபர்ட்ஸ் மேலும் வருகிறது. வந்த பிறகும் அவன் கேட்டது சரி என்றே நினைக்கிறோம்.

யார் எந்தப் பக்கம் என்று போராட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்கிறீர்கள். அப்படியானால் 2015-ஐயே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அதற்குள் இருந்தவர். நான் குமுளியிலிருந்து டிவியில் பார்த்தவன். தப்பென்றால் திருத்துங்கள்.

முந்தின வருடம் கிடைத்த போனஸ் 10 சதவீதமாகச் சுருங்கியது. ஒரு நாள் கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு டவுனை 9 நாள் முடக்கினார்கள். ஆண்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். அந்தப் பெண்களின் கோபம் முதலில் யார் மேல் பாய்ந்தது? காலங்காலமாகச் சந்தா கட்டிவந்த யூனியன்கள் மேல். தலைவர்கள் வந்தபோது விரட்டினார்கள். நாடகம் எழுத உட்காருகிறவன் இங்கேயே மாட்டிக்கொள்வான். ‘துரை’ ஒருவரை வில்லனாக நிறுத்தி எழுதினால் பாதிப் போராட்டம் விட்டுப்போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2005-இல் அந்தத் தோட்டங்களை நடத்துகிற கம்பெனி கைமாறியபோது பங்குகளில் பெரும்பகுதி அங்கே வேலை செய்கிறவர்கள் பேருக்கு வந்தது. ரோட்டில் உட்கார்ந்த பெண்களில் பலர் காகிதப்படி அதே கம்பெனிக்குப் பங்குதாரர்கள். நஷ்டம் என்று கம்பெனி சொல்லும்போது அது அவர்களுடைய நஷ்டமும்கூட என்று ஆகிறது. லயத்தில் பத்துக்குப் பத்து அறையில் இருந்துகொண்டு இன்னொரு கணக்கில் முதலாளி. இப்படி ஒரு பாத்திரத்தை நானே கற்பனையாக எழுதியிருந்தால் நண்பர்கள் நம்ப மாட்டார்கள், மிகையாக இருக்கிறது என்று சொல்வார்கள். அம்மாவிடம் அந்தப் பங்குப் பத்திரம் இருந்ததா, இருந்தால் எங்கே வைத்திருந்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

முடிந்ததும் அப்படித்தான். போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் வந்தது. 8.33 போனஸ், 11.67 கருணை. ஜெயம்தான், சந்தேகம் இல்லை. அதற்கப்புறம் கூலி 301 ஆனது, 500 ஆகவில்லை. கூடவே ஒரு நாளைக்குக் கிள்ள வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏறியது. அந்த 4 கிலோ யார் தோளில் ஏறியது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால்ஸ்வொர்த்தியின் ஒப்பந்தம் போல ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்கவில்லை, ஆனால் எந்த மேஜையில் பேசினாலும் கடைசியில் கூடையில்தான் வந்து விழுகிறது. அந்த நவம்பரில் அதே பெண்கள் உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களில் ஜெயித்தார்கள். பிறகு தங்களுக்குள்ளேயே பிரிந்தார்கள். பிரிந்ததைக் காட்டி “பார்த்தீர்களா, அவ்வளவுதான்” என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. முப்பது வருடமாகப் பிரிந்துகொண்டே இருக்கிற ஆண்களின் யூனியன்களை அவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

கொஞ்சம் பின்னாலும் போகலாம். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் மலையேறி வந்து கம்யூனிஸ்டுகளுக்காகப் பாடினார். அவர்களுடைய வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிழவி ஒருத்தி சாகிற வரைக்கும் அந்தப் பாட்டுகளில் இரண்டை மறக்காமல் வைத்திருந்தாள். அதே வருடம் அக்டோபரில், அதே கட்சியின் ஆட்சியில், மூணாறில் வேலைநிறுத்தம் செய்த தோட்டத் தொழிலாளர்களை நோக்கிப் போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். பாட்டும் அந்த ஆட்சிதான், குண்டும் அந்த ஆட்சிதான். மே மாதம் ஓட்டுப் போட்டவர்கள் அக்டோபர் ராத்திரி லயத்தில் உட்கார்ந்து என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? யாராவது ஒருவர் “இருந்தாலும் நம்ம ஆட்சி” என்று சொல்லியிருப்பார். இன்னொருவர் எழுந்து வெளியே போயிருப்பார். அந்த இரண்டு பேரையும் எழுதத் தெரிந்தால் எனக்குப் போதும்.

இங்கே மேஜ் என்கிற பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டுரையில் அவளை இரண்டு வரியில் முடித்துவிட்டேன். தொழிலாளி தாமஸின் மகள். ராபர்ட்ஸின் பிடிவாதம் எல்லோரையும் கொல்கிறது என்று நினைக்கிறவள். ஆனிமேல் பிரியம் உள்ளவள். மேனேஜரின் மனைவி ஈனிட் ஆனியைப் பார்க்க வரும்போது முகம் கொடுத்துப் பேசாதவள். ஈனிட் யார்? ஆண்டனியின் மகள். ஆனி ஒரு காலத்தில் அவளிடம் வேலை பார்த்தவள். உடம்பு முடியாதவளைப் பார்க்க வந்தது உண்மைதான், புருஷனிடம் சொல்லி விட்டுக்கொடுக்க வையேன் என்று கேட்க வந்ததும் உண்மைதான். அவள் இரக்கத்துக்குள் ஒரு வேலை இருக்கிறது. மேஜ் அதைப் பார்த்துவிடுகிறாள்.

அதே மேஜ் தன்னை விரும்புகிற ரௌஸிடம், ராபர்ட்ஸை எதிர்த்து நிற்காவிட்டால் என்னை மறந்துவிடு என்கிற அர்த்தத்தில் பேசுகிறாள். காதலை வைத்துப் பேரம். பசித்த ஜனங்களுக்காகத்தான் செய்கிறாள். அதற்காக ஒருவனுடைய மனசைக் கருவியாக எடுத்துக்கொள்கிறாள். ஈனிட் செய்ததற்கும் இவள் செய்ததற்கும் எவ்வளவு தூரம்? அப்புறம் திடலுக்கு வந்து ராபர்ட்ஸிடம் ஆனியின் சேதியைச் சொல்பவளும் இவள்தான். அவன் போனதும் ரௌஸ் பேச எழுந்துவிடுகிறான். அவள் கேட்டதைத்தான் அவன் செய்கிறான், அவள் கேட்ட நேரம் மட்டும் இதுவல்ல. எங்கள் வாசிப்பில் மேஜாக வந்தது கம்பத்திலிருந்து தினம் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு வருகிற பெண். ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டு, “சார், இவ ஜெயிச்சாளா தோத்தாளா? அது தெரியாம எப்படி நிக்கிறது?” என்று கேட்டாள். தெரியாமலே நில்லு என்றேன். நன்றாகவே நின்றாள்.

இனி என் அப்பா. ரைட்டர் மகன் என்பதால்தான் நடுவில் நிற்கிறீர்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். நாடகத்தில் டென்ச் என்று கம்பெனிச் செயலாளர் ஒருவர் வருவார். குறிப்பெடுப்பார், காகிதம் நீட்டுவார், எல்லோருக்கும் பயப்படுவார். பழைய ஒப்பந்தமும் இதுவும் ஒன்றுதானே என்று கடைசியில் கண்டுபிடித்துச் சொல்பவர் அவர்தான். அவரைப் படிக்கும்போது எனக்கு அப்பாவின் முகம் வராமல் இருக்காது.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது பீர்மேட்டில் எங்கள் எஸ்டேட்டில் பெரிய ஸ்ட்ரைக். அப்பா தினமும் காலையில் ஆபீசுக்குப் போவார். செக்ரோலை, அதாவது வருகைப் பதிவேட்டை, திறந்து எல்லாப் பேருக்கும் நேராகக் கோடு போட்டு வைப்பார். அதற்காகவே போவார். லயத்துப் பிள்ளைகள் என்னோடு விளையாடுவதை நிறுத்தினார்கள். கடையில் எங்களுக்குப் பற்று உண்டு, அவர்களுக்கு நிறுத்திவிட்டார்கள். அம்மா ராத்திரியில் அரிசி கொடுத்தனுப்பியதாக நான் எழுதினால் கதை அழகாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அம்மா கதவைச் சாத்தி வைத்திருந்தாள்.

ஒப்பந்தம் டைப் அடிக்கும் வேலை அப்பாவுக்கு வந்தது. யூனியன்காரர்கள் கூலியையும் பிடித்தத்தையும் பேசி முடித்துவிட்டுக் களைத்துப்போய் வெளியே பீடி பற்ற வைத்திருந்தார்கள். ஸ்ட்ரைக் நாட்களைச் சர்வீஸ் முறிவாகக் கணக்கிடக்கூடாது என்ற ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அது இல்லையென்றால் நாளைக்குக் கிராஜுவிட்டி என்று போய் நிற்கும்போது வம்பு வரும். அப்பா வெளியே போய் யூனியன் ஆளின் காதில் அதைச் சொன்னார். அவர் உள்ளே வந்து கேட்டார், துரையும் அசதியில் சரி என்றார். யார் எடுத்துக் கொடுத்தது என்று பிறகு ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது. ஆறு மாதத்தில் அப்பாவை மழை ஓயாத வேறொரு டிவிஷனுக்கு மாற்றினார்கள்.

இதை என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அவர் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு பெரிய காரியம் செஞ்சிருக்கீங்க” என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “அது இல்லைன்னா அத்தனை பேர் சர்வீஸ் புக்கையும் நான்ல திருத்தி எழுதணும்? யாரு உக்காந்து எழுதுறது?” என்றார்.

அது விளையாட்டுக்குச் சொன்னதா, கூச்சத்தில் சொன்னதா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மூன்றுமாக இருக்கலாம். அந்த ஒரு வரியால் எத்தனையோ பேருக்குக் கிராஜுவிட்டி முறியாமல் கிடைத்தது. மாற்றலில் போன இடத்து ஈரத்தில் என் அம்மாவுக்கு இழுப்பு வந்து கடைசிவரை போகவில்லை. கதவைச் சாத்தி வைத்திருந்தாள் என்று சொன்னேனே, அந்த அம்மாவுக்குத்தான். அப்பாவின் அந்தக் காரியத்துக்கு அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஆனியிடமும் யாரும் கேட்கவில்லை.

ஒரு பாத்திரத்தைப் பார்க்கும்போது நல்லவனா கெட்டவனா என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை. இவன் குணத்துக்கு எந்த வீட்டில், யார், எதை விற்றுக் கட்டுகிறார்கள் என்று பார்க்கிறேன். உங்கள் கடிதத்துக்கு முன்னால் இது எனக்கு இவ்வளவு தெளிவாக இல்லை. நடுவில் நிற்கிறவனுக்குச் சொகுசு என்றீர்கள். எங்கள் வீட்டுச் சொகுசில் இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதே நேரம், எங்களுக்குப் பற்று இருந்தது, லயத்தில் இருந்தவர்களுக்கு இல்லை. இந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் எழுதினால் நீங்கள் கோபப்படுவது நியாயம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இந்த நாடகத்தை அப்படியே வாசித்தது போதும், 2015-ஐ வைத்து நாமே ஒன்று எழுதலாம் என்று இங்கே பேச்சு ஆரம்பித்திருக்கிறது. ரோட்டில் உட்கார்ந்ததைப் பற்றி நிறைய செய்திகளும் படங்களும் இருக்கின்றன. வீடுகளைப் பற்றி எதுவும் இல்லை. அந்த 9 நாளும் உங்கள் லயத்தில் அடுப்பு மூட்டியது யார்? அப்பாவா, நீங்களா, பக்கத்து வீட்டுப் பாட்டியா? சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்தால் சாப்பாடு எடுத்து வைத்தது யார், இல்லை அவரே வந்து உலை வைத்தாரா? அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதுங்கள், நீங்கள் திருத்த வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்
குமுளி